பிட்யூட்டரி சுரப்பி: சேலம், ஏற்காடு பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிட்யூட்டரி எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

இரண்டு புருவங்களுக்கு நடுவிலிருந்து நேராக உள்ளே போனால், மண்டையின் நடுவில், மூளைக்கு அடியில் தொங்குகிறது. பட்டாணி அளவுதான், எடை சுமார் அரை கிராம். கர்ப்ப காலத்தில் நன்றாகவே பெருக்கும். அது உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழி குதிரைச் சேணம் போல இருப்பதால் அதைத் ‘துருக்கிச் சேணம்’ என்பார்கள்.

அக்கம்பக்கம் யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். மேலே, இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் குறுக்கே கடக்கும் இடம். இரு பக்கமும் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்கள். கீழே, மூக்குக்குப் பின்னால் உள்ள காற்றறை. கட்டி மேல் நோக்கி வளர்ந்தால் பார்வை கெடுவதும், மண்டையைத் திறக்காமல் மூக்கு வழியாகவே அறுவைச் சிகிச்சை செய்ய முடிவதும் இந்த அமைப்பால்தான்.

பழைய புத்தகங்களில் ‘கபச் சுரப்பி’ என்று பார்த்திருப்பீர்கள். மூளையிலிருந்து சளி இதன் வழியாக மூக்கில் இறங்குகிறது என்று பழைய ஐரோப்பிய மருத்துவர்கள் நம்பினார்கள். சளிக்கான லத்தீன் சொல்லே ‘பிட்யூட்டரி’ ஆனது. சளிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

என்னென்ன ஹார்மோன்கள்?

முன்பகுதி தானே ஆறு ஹார்மோன்களைத் தயாரிக்கிறது. வளர்ச்சி ஹார்மோன், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின், தைராய்டை இயக்கும் டி.எஸ்.எச்., சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் கார்ட்டிசோல் என்ற ஸ்டீராய்டைச் சுரக்க வைக்கும் ஏ.சி.டி.எச்., சினைப்பையையும் விதைப்பையையும் இயக்கும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். பின்பகுதி எதையும் தயாரிப்பதில்லை. அது ஒரு குடோன். மேலே, மூளையின் ஒரு பகுதியான ஹைபோதலாமஸில் உருவாகும் வாசோபிரசின் (சிறுநீரில் தண்ணீர் வீணாகாமல் காப்பது), ஆக்ஸிடோசின் (பாலை இறக்குவது) இரண்டும் நரம்பு இழைகள் வழியே இறங்கி வந்து இங்கே தங்கி, தேவைப்படும்போது ரத்தத்தில் கலக்கின்றன.

‘தலைமைச் சுரப்பி’ என்கிறார்களே, சரியா?

பாதி சரி. காப்பித் தோட்டத்து ஏற்பாட்டை நினைத்துப் பாருங்கள். ஹைபோதலாமஸ் மேனேஜர். பிட்யூட்டரி மேஸ்திரி. தைராய்டு, அட்ரீனல், சினைப்பை, விதைப்பை எல்லாம் ஆட்கள். ஆட்கள் வேலையில் சுணங்கினால் மேஸ்திரியின் சத்தம் ஏறும். வேலை ஒழுங்காக நடந்தால் குரல் இறங்கும். தைராய்டு பழுதானால் டி.எஸ்.எச். ஏறுவது இதனால்தான்.

ஆனால் மேஸ்திரியே படுத்துவிட்டால்? ஆட்கள் கைகட்டி நிற்பார்கள், தோட்டத்தில் சத்தமும் இருக்காது. மேஸ்திரியின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு ‘எல்லாம் நல்லாத்தான் நடக்குது’ என்று முடிவு கட்டினால் ஏமாந்து போவோம். பிட்யூட்டரி நோய்கள் ஆண்டுக்கணக்கில் தப்பிப்போவதற்கு முதல் காரணம் இதுதான். அதனால் பிட்யூட்டரி ஹார்மோனை எப்போதும் அதன் ஜோடியோடு பார்க்க வேண்டும்: டி.எஸ்.எச்.சோடு ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்), ஏ.சி.டி.எச்.சோடு கார்ட்டிசோல், எல்.எச்.சோடு டெஸ்டோஸ்டீரோன் அல்லது ஈஸ்ட்ரடயால்.

டி.எஸ்.எச். 2.1 என்று வந்திருக்கிறது. தைராய்டு இல்லை என்று முடிவு செய்யலாமா?

பெரும்பாலோருக்குச் செய்யலாம். ஆனால் பிட்யூட்டரியில் கோளாறு இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் கூடாது. டி.எஸ்.எச். 2.1 ஆக இருந்து, ஃப்ரீ டி4 இயல்புக்குக் கீழே இருந்தால் அது பிட்யூட்டரிப் பழுதால் வரும் தைராய்டுக் குறைவு. சேலத்தில் தெருவுக்குத் தெரு லேப் இருக்கிறது. ‘தைராய்டு டெஸ்ட்’ என்று பொதுவாகச் சொன்னால் டி.எஸ்.எச். மட்டும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். சீட்டில் ‘ஃப்ரீ டி4’ என்று தனியாக எழுதச் சொல்லுங்கள். சிகிச்சை தொடங்கிய பிறகும் இவர்களுக்கு மாத்திரை அளவை ஃப்ரீ டி4 பார்த்துத்தான் மாற்ற வேண்டும். டி.எஸ்.எச். குறைந்துவிட்டது என்று மாத்திரையைக் குறைப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

பிரசவத்தில் ரொம்ப ரத்தம் போனது. குழந்தைக்குப் பாலே வரவில்லை, அதற்குப் பிறகு மாதவிலக்கும் வரவில்லை. இதுவும் பிட்யூட்டரியா?

இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இதற்கு ஷீஹன் நோய் என்று பெயர். 1937-ல் இதை விவரித்த ஹெரால்ட் ஷீஹன் என்ற மருத்துவரின் பெயர். கர்ப்பத்தில் சுரப்பி பெருக்கிறது, ஆனால் முன்பகுதிக்கு வரும் ரத்தம் அழுத்தம் குறைந்த சிரைகள் வழியாகவே வருகிறது. பிரசவத்தில் ரத்தம் கொட்டி அழுத்தம் சரிந்தால், பெருத்த சுரப்பிக்கு ரத்தம் போதாமல் அது கருகிவிடும்.

முதல் அடையாளம் தாய்ப்பால் சுரக்காதது. பிறகு, பிரசவத்துக்கு முன் மழித்த முடி திரும்ப வளராது, மாதவிலக்கு வராது, குளிர் தாங்காது, எப்போதும் அசதி. சோடியமும் சர்க்கரையும் இறங்கி மயக்கம் வரும். ‘ரெண்டு பாட்டில் ஏத்துனா தேறிடுறா, பத்து நாள்ல மறுபடி படுத்துக்கிறா’ என்று வீட்டார் சொல்வது இந்த நோயின் அச்சான வர்ணனை. பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துக் கண்டுபிடிக்கப்படுவதும் சகஜம். தோலின் நிறம் ஒரு துப்பு: அட்ரீனலே கெட்டால் ஏ.சி.டி.எச். ஏறி உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுக்கும். பிட்யூட்டரி கெட்டால் தோல் வெளிறும்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்காட்டிலிருந்து கீழே இறங்க இருபது கொண்டை ஊசி வளைவு. உதிரப்போக்கு நிற்கவில்லை என்றால் ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்று வீட்டில் வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இந்தச் சுரப்பிக்குத்தான் நஷ்டம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

கண்ணாடி விரியன் கடிக்கும் பிட்யூட்டரிக்கும் என்ன சம்பந்தம்?

நம் பக்கம் குச்சிக்கிழங்கு, மஞ்சள், கரும்புக் காட்டில் வேலை செய்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. கண்ணாடி விரியன் விஷம் உடம்பு முழுக்கக் குட்டிக் குட்டி ரத்தக் கட்டிகளை உண்டாக்கி, உறைவுக்கான பொருள்களைத் தீர்த்துவிடுகிறது. பிறகு ரத்தம் உறைவதே இல்லை. இந்தக் களேபரத்தில் பிட்யூட்டரிக்குள்ளும் அடைப்போ ரத்தக்கசிவோ ஏற்படலாம். சிறுநீரகம் பாதித்து டயாலிசிஸ் வரை போனவர்களில் இதை அதிகம் பார்க்கிறோம்.

ஆஸ்பத்திரியில் முதலில் செய்வது 20 நிமிட உறைவுச் சோதனை. 2 மி.லி. ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்து. அந்த மருந்து உயிரைக் காக்கும். ஆனால் கருகிப்போன பிட்யூட்டரியைத் திருப்பித் தராது.

கோளாறு இரண்டு விதமாக வெளிப்படும். சிலருக்குக் கடித்த சில நாட்களிலேயே ரத்த அழுத்தம் ஏறாது, சர்க்கரை இறங்கும். மற்றவர்களுக்கு மாதங்கள், ஏன், ஆண்டுகள் கழித்து: தாடி வளர்வது நிற்கும், அக்குள் முடி உதிரும், தாம்பத்திய ஆசை போகும், முன்பு மண்வெட்டி பிடித்த ஆள் நிழலில் உட்கார்ந்தே இருப்பார். ‘பாம்பு கடிச்ச பயம்’ என்று ஊர் சொல்லும். விஷம் ஏறிச் சிகிச்சை பெற்றவர் யாருக்காவது பின்னாளில் இப்படி அசதி வந்தால், காலை கார்ட்டிசோலும் ஃப்ரீ டி4-உம் பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பத்து வருடம் கழித்தும் அது உதவும்.

பலமான தலைக்காயத்துக்குப் பிறகும் இதே கதைதான். ஹெல்மெட் இல்லாத பைக் விபத்துகள் இதில் சேர்த்தி.

புரோலாக்டின் 60 வந்திருக்கிறது. கட்டியா?

முதலில் மாத்திரைப் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். வாயுத் தொல்லைக்குக் கொடுக்கும் டோம்பெரிடோன், லெவோசல்பிரைடு, வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, மனநல மருந்தான ரிஸ்பெரிடோன் எல்லாமே புரோலாக்டினை ஏற்றும். ‘கேஸ் மாத்திரை’ என்று காலையில் வெறும் வயிற்றில் போடுவதிலேயே டோம்பெரிடோன் சேர்ந்திருக்கலாம். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். கர்ப்பம், சிகிச்சை பெறாத தைராய்டுக் குறைவு, சிறுநீரகக் கோளாறு ஆகியவையும் ஏற்றும். ஊசி குத்தும் பயமே கொஞ்சம் ஏற்றும்.

பெண்களுக்குப் பொதுவாக மில்லிலிட்டருக்கு 25 நானோகிராமுக்குக் கீழ், ஆண்களுக்கு 20-க்குக் கீழ் இயல்பு. தூங்கி எழுந்த கையோடு போகாமல், எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, லேபில் சற்று நேரம் அமைதியாக உட்கார்ந்த பிறகு ரத்தம் கொடுங்கள். மனநல மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்டபின்தான். அறிகுறி எதுவும் இல்லாமல் எண் மட்டும் ஏறியிருந்தால் ‘மேக்ரோபுரோலாக்டின்’ பார்க்கச் சொல்லலாம். அது வேலை செய்யாத பெருமூலக்கூறு, கருவி அதையும் சேர்த்து எண்ணிவிடும்.

200-ஐத் தாண்டினால் பெரிய கட்டி இருக்கலாம். இதில் ஒரு பொறி உண்டு: எம்.ஆர்.ஐ.யில் 3 செ.மீ.க்கு மேல் கட்டி இருக்கும், புரோலாக்டினோ 80 என்று வரும். ஹார்மோன் அளவுக்கு மீறி இருப்பதால் பரிசோதனையே திக்குமுக்காடிக் குறைத்துக் காட்டுகிறது. சாம்பிளை நூறு மடங்கு நீர்க்க வைத்து மறுபடி பார்த்தால் உண்மை எண் தெரியும். இதைச் செய்யாமல் கத்தி வைப்பது வீண். ஏனென்றால் புரோலாக்டின் கட்டிதான் பிட்யூட்டரிக் கட்டிகளில் மாத்திரைக்கே கரையும் கட்டி. காபர்கோலின் 0.25 அல்லது 0.5 மி.கி., வாரத்துக்கு இரண்டு முறை, இரவு சாப்பிட்ட பிறகு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டலும் தலைசுற்றலும் வரும். கர்ப்பம் உறுதியானதும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்கள்.

எம்.ஆர்.ஐ.யில் 4 மி.மீ. கட்டி, ‘எம்ப்டி செல்லா’ என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தவர்களில் பத்தில் ஒருவருக்கு இப்படி ஒரு சிறு புள்ளி தெரியும். 10 மி.மீ.க்குக் கீழே இருந்தால் சிறு கட்டி. இது புற்றுநோய் இல்லை. ஹார்மோன் அதிகம் சுரக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, ஸ்கேனைத் திரும்ப எடுத்துக் கண்காணித்தால் போதும். ‘எம்ப்டி செல்லா’ என்றால் சுரப்பி குழியின் சுவரோடு தட்டையாக ஒட்டியிருக்கிறது என்று பொருள். வேலை செய்துகொண்டே இருக்கலாம். ஆனால் ஷீஹன் நோயிலும் கடைசியில் இதே படம்தான் வரும், அதனால் ரத்தப் பரிசோதனை இல்லாமல் ஸ்கேனை மட்டும் வைத்துப் பேச வேண்டாம்.

பார்வை விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. கட்டி மேலே தள்ளினால் இரு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை மங்கும். நேரே உள்ள போர்டைப் படிப்பார், ஐந்து ரோடு சந்திப்பில் பக்கவாட்டில் வரும் ஆட்டோ தெரியாது. கதவு நிலையில் தோள் இடிக்கும். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தால் இது அகப்படாது. பெரிமெட்ரி என்ற பார்வைப் புலப் பரிசோதனை வேண்டும். திடீரென இடி விழுந்த மாதிரி தலைவலி, வாந்தி, ஒரு இமை சரிவது, இரட்டைப் பார்வை எல்லாம் சேர்ந்து வந்தால் கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ரத்தப் பரிசோதனைக்கு எப்படித் தயாராவது?

கார்ட்டிசோல் காலை 8 மணிக்கு. மதியம் எடுத்தால் இயல்பான ஆளுக்கும் குறைவாகத்தான் வரும். ஏற்காட்டிலிருந்து வருபவர்கள் முந்தின இரவே சேலத்தில் தங்கிவிடுவது நல்லது. டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு உறுதி. 15-க்கு மேல் என்றால் பொதுவாகக் கவலை இல்லை. நடுவில் வந்தால் ஊசி போட்டு 30, 60 நிமிடத்தில் மறுபடி பார்க்கும் தூண்டல் சோதனை வேண்டும். ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுப்பவர் முந்தின நாள் எப்போது நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கருத்தடை மாத்திரை கார்ட்டிசோல் எண்ணைப் பொய்யாக ஏற்றும்.

ஏ.சி.டி.எச். சாம்பிள் பனிக்கட்டியில் வைத்து உடனே லேபுக்குப் போக வேண்டும். ஆட்டோவில் ஒரு மணி நேரம் சுற்றிய குழாயின் முடிவை நம்ப வேண்டாம். வளர்ச்சி ஹார்மோன் அலையலையாகச் சுரப்பது, பெரும்பங்கு ஆழ்ந்த தூக்கத்தில். அதை ஒரு தடவை எடுத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை, அதன் தூண்டுதலால் உருவாகும் ஐ.ஜி.எஃப்.-1 பார்க்க வேண்டும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், பல ஹார்மோன் முடிவுகளை அது புரட்டிப்போடும்.

ஸ்டீராய்டு மாத்திரை வாழ்நாள் முழுக்க என்கிறார்கள். கெடுதல் இல்லையா?

மூட்டு வலிக்குக் கொடுக்கும் அளவு வேறு, இது வேறு. உடம்பு தானே செய்ய வேண்டிய கார்ட்டிசோலை வெளியிலிருந்து ஈடுகட்டுகிறோம், அவ்வளவுதான். ஹைட்ரோகார்ட்டிசோன் நாளைக்கு 15 முதல் 25 மி.கி.; எழுந்ததும் பெரிய பங்கு, மதியமும் மாலையும் சின்னப் பங்கு. இரவில் போட்டால் தூக்கம் கெடும்.

தைராய்டும் கார்ட்டிசோலும் சேர்ந்து குறைந்திருந்தால் ஸ்டீராய்டு முதலில், தைராக்ஸின் பிறகு. மாற்றிச் செய்தால், தைராக்ஸின் உடம்பின் ஓட்டத்தைக் கூட்டி மிச்சமிருக்கும் கார்ட்டிசோலையும் வேகமாகத் தீர்த்துவிடும், ஆள் சரிந்துவிடுவார்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அளவை இரட்டிப்பு, 39-ஐத் தாண்டினால் மும்மடங்கு, காய்ச்சல் விடும் வரை இரண்டு மூன்று நாள். பல் பிடுங்குவதானாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். மாத்திரை போட்ட அரை மணிக்குள் வாந்தி வந்தால் இன்னொரு மாத்திரை. மலைப்பாதை வளைவில் வாந்தி எடுப்பவர்களுக்கு இது அடிக்கடி தேவைப்படும். அதுவும் தங்காவிட்டால் 100 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி, பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருந்தாலும் சரி. ‘எனக்கு பிட்யூட்டரி கோளாறு, ஸ்டீராய்டு ஊசி உடனே வேண்டும்’ என்று ஒரு சீட்டு பர்ஸில் எப்போதும் இருக்கட்டும். இரண்டு வார மாத்திரை கூடுதலாகக் கையிருப்பும் வேண்டும்.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு விரதம் இருக்கலாமா என்று கேட்பார்கள். மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்குவது விரதத்தை முறிக்காது என்று வீட்டுப் பெரியவர்களிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை விடுவது மட்டும் கூடவே கூடாது.

இதன் மறுபக்கம்: பேர் இல்லாத பொட்டலத்தில் ‘மூட்டு வலிக்குக் கைகண்ட மருந்து’ வாங்கி மாதக்கணக்கில் சாப்பிட்டு, முகம் உப்பி, பிறகு பட்டென்று நிறுத்துபவர்கள். பொட்டலத்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், வெளியிலிருந்தே வருகிறதே என்று பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். சுரப்பதை விட்டுவிட்டிருக்கும். நிறுத்துவதும் மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான்.

ஒரு நாளைக்கு எட்டு லிட்டர் தண்ணீர் குடிக்கிறார், அவ்வளவும் சிறுநீராகப் போகிறது. சர்க்கரை இல்லை என்கிறார்கள்.

வாசோபிரசின் குறைவாக இருக்கலாம். 24 மணி நேரச் சிறுநீரைக் கேனில் அளந்து பாருங்கள். 3 லிட்டரைத் தாண்டினால் சோடியமும் சிறுநீரின் அடர்த்தியும் பார்க்க வேண்டும். தண்ணீரை நிறுத்திப் பார்க்கும் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது. சேலத்துச் சித்திரை வெயிலில் சில மணி நேரத்தில் சோடியம் ஏறிவிடும். சிகிச்சை, வாசோபிரசினுக்கு ஈடான டெஸ்மோபிரசின். மருந்து போட்ட பிறகும் பழக்கதோஷத்தில் எட்டு லிட்டர் குடித்தால் சோடியம் விழுந்து வலிப்பு வரும். தாகத்துக்கு மட்டும் குடியுங்கள்.

மூக்கு வழி அறுவைக்குப் பிறகும் முதல் சில நாள் இப்படிச் சிறுநீர் கொட்டலாம், ஒரு வாரம் ஆனதும் நேர்மாறாகச் சோடியம் இறங்கலாம். வீட்டுக்கு வந்துவிட்டாலும், அறுவை முடிந்த ஏழாம் நாள் சோடியம் பார்ப்பதைத் தவறவிடாதீர்கள். மூக்கைச் சிந்தக் கூடாது. குனிந்தால் தெளிந்த நீர் சொட்டினால் அது சளி அல்ல, மூளைத் தண்ணீராக இருக்கலாம்.

பையன் வகுப்பிலேயே குள்ளம். வளர்ச்சி ஊசி போடலாமா?

முதலில் அப்பா, அம்மா உயரத்தைச் செ.மீ.யில் கூட்டுங்கள். பையனுக்கு 13 கூட்டி, பெண்ணுக்கு 13 கழித்து, இரண்டால் வகுத்தால் எதிர்பார்க்கும் உயரம் கிடைக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருப்பில்லாமல், குதிகாலைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி அளங்கள். பள்ளி வயதில் ஆண்டுக்கு 4 செ.மீ. கூட ஏறவில்லை என்றால் காட்ட வேண்டும். ரத்தசோகை, தைராய்டு, குடல் நோய் எல்லாம் பார்த்து, இடது மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பு வயது பார்த்த பிறகுதான் பிட்யூட்டரி. எலும்பின் வளர் தட்டுகள் மூடிவிட்டால் எந்த ஊசிக்கும் உயரம் ஏறாது. டப்பாவில் விற்கும் ‘உயர பவுடரை’ப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஊசி தினமும் இரவில், 2 முதல் 8 டிகிரியில் வைத்த பேனாவால். ஐஸோடு ஒட்டி உறைந்தால் மருந்து வீண். 1985 வரை இந்த ஹார்மோனை இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்தார்கள். அதன் வழியே மூளை நோய் பரவியது தெரிந்து நிறுத்தினார்கள். இப்போது வருவது ஆய்வகத்தில் தயாரானது.

மாட்டுக்குப் போடும் ஊசியும், மீன் குஞ்சு பொரிக்க வைக்கப் போடும் ஊசியும் இதுதானா?

இரண்டும் இந்தச் சுரப்பியின் சரக்குதான். மாட்டுக்குப் போடுவது ஆக்ஸிடோசின். அது பாலை உண்டாக்குவதில்லை, மடியில் இருக்கும் பாலை இறக்குகிறது. கன்று முட்டினாலும், பழகிய கை மடியைக் கழுவினாலும் இதே ஹார்மோன் தானாகவே வரும். மாடு மிரண்டால் வராது. பிரசவம் ஆனதும் தாய்க்கு 10 யூனிட் போடுவதும் இதே மருந்து, உதிரப்போக்கைத் தடுக்க. குளிரில் வைக்காவிட்டால் வீரியம் போய்விடும்.

மீன் கதை சுவையானது. ரோகு, கட்லா போன்ற கெண்டைகள் குளத்தில் தாமாக முட்டையிடாது. 1957-ல் ஹீராலால் சௌத்ரி, அலிகுன்ஹி என்ற மீன் விஞ்ஞானிகள் ஒடிசாவில் மீனின் பிட்யூட்டரிச் சாறு ஏற்றி முட்டையிட வைத்தார்கள். தலையைத் திறந்து சுரப்பியை எடுத்து, சுத்த ஆல்கஹாலில் போட்டு, 24 மணி நேரத்தில் ஆல்கஹாலை மாற்றி, கறுப்புப் புட்டியில் பாதுகாப்பார்கள். பெண் மீனுக்குக் கிலோவுக்கு 2–3 மி.கி., ஆறு மணி நேரம் கழித்து 5–8 மி.கி.; அந்த இரண்டாம் ஊசியின்போது ஆணுக்கு 2–3 மி.கி. வால் பக்கச் சதையில் ஊசி. மேட்டூர்ப் பக்கம் குஞ்சு வாங்கி ஏரியில் விடுபவர்கள் கேட்டுப் பாருங்கள்: இன்று பல பண்ணைகளில் சுரப்பிக்குப் பதில், மீனின் சொந்தப் பிட்யூட்டரியைத் தூண்டிவிடும் செயற்கை மருந்தை ஒரே ஊசியாகப் போடுகிறார்கள்.